தெரிஞ்ச பையன்

லேப்டாப் திரை கறுத்துப்போன வீட்டில் கொஞ்ச நேரம் யாரும் யாரோடும் பேசுவதில்லை. பிறகு யாராவது ஒருவர், பெரும்பாலும் வீட்டம்மா, அந்த வாக்கியத்தைச் சொல்லிவிடுவார்: "நமக்குத் தெரிஞ்ச பையன் ஒருத்தன் இருக்கான். அவன் இதெல்லாம் நல்லாப் பார்ப்பான்."

இந்தப் பையனுக்கு வயது நாற்பத்திரண்டு. காதோரம் நரைத்துவிட்டது. மூத்த மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். அலுவலகத்தில் அவருக்குக் கீழே எட்டுப் பேர் வேலை பார்க்கிறார்கள், அவர்கள் அவரை சார் என்கிறார்கள். இதெல்லாம் குரோம்பேட்டையிலும் நங்கநல்லூரிலும் செல்லுபடியாகாது. அங்கே அவர் பையன்தான். பல பேருடைய போனில் அவர் பெயர் 'லேப்டாப் பையன்' என்றே பதிவாகியிருக்கிறது. சொந்தப் பெயர் அவருடைய மனைவிக்கும் ஆதார் அட்டைக்கும் மட்டுமே தெரியும்.

அவர் படித்தது பி.எஸ்ஸி. விலங்கியல். அப்படியிருக்க இந்தப் பட்டம் எப்படி வந்தது? 2000-த்தை ஒட்டிய ஒரு கோடை விடுமுறையில், பெரியப்பா வீட்டுப் பெட்டி மானிட்டர் மஞ்சள் பூத்து நின்றது. கூடியிருந்த கூட்டத்தில் பையன் மட்டும் பின்பக்கம் கைவிட்டு, தளர்ந்திருந்த கேபிளை அழுத்தி, அதன் திருகுகளை இறுக்கினார். பதினைந்து ஊசி கொண்ட அந்த வி.ஜி.ஏ. இணைப்பில் நீலத்துக்கான ஊசி மட்டும் தொடாமல் நின்றால் படம் மஞ்சளாகத்தான் தெரியும். இது அவருக்கு அன்று தெரியாது. கேபிளை இறுக்கினார், நிறம் வந்தது, பெரியம்மா கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார். அன்று மாட்டியவர் இன்றுவரை கழலவில்லை.

2011 செப்டம்பர் 15-ம் தேதி தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கிய பிறகு இந்த இனம் மாவட்டந்தோறும் பெருகியது. வீட்டுக்கு வந்த முதல் கணினியே அதுதான் என்பதால், அது பழுதானால் போய் நிற்க இன்னொரு கணினி கிடையாது. திருப்புளியை எடுத்துத் தானே திறந்து பார்த்தவர்கள் பையன்கள் ஆனார்கள். மூடத் தெரியாதவர்கள் பொறியியல் கல்லூரிக்குப் போனார்கள்.

பையன் வந்ததும் லேப்டாப்பைத் தொடமாட்டார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைப்பார், ஒரு சொம்பு தண்ணீர் குடிப்பார், அப்புறம் கேட்பார்.

"கடைசியா என்ன பண்ணீங்க, ஆன்ட்டி?"

"ஒண்ணுமே பண்ணலைப்பா. தானா ஆயிடுச்சு."

யாரோ எதையோ செய்து லேப்டாப் திரை போனதாகச் சரித்திரமே கிடையாது. எல்லாம் தானாகத்தான் ஆகின்றன. பையன் இதை மறுத்துப் பேசமாட்டார். உண்மை இரண்டாவது காபியின்போதுதான் வரும் என்பது அவர் அனுபவம்.

"கீழ விழுந்துதா?"

"விழவேயில்லை."

"லேசா?"

"லேசான்னா... கட்டில்லேர்ந்து. ஆனா மெத்தை மேலதான்பா."

"நடு மெத்தையிலயா?"

"ஓரத்துல."

"அப்புறம்?"

"அப்புறம் தரையில."

விழாத திரைக்கு வேறு விதிகள் உண்டு. விசைப்பலகை மேல் இயர்போனையோ பேனாவையோ வைத்து மூடியை அழுத்திச் சாத்தியிருப்பார்கள். கண்ணாடியில் சிலந்தி வலை விழுந்திருக்கும். அல்லது ஆயுத பூஜை வந்து போயிருக்கும். வீட்டிலுள்ள ஆயுதங்களில் விலை உயர்ந்தது அதுதானே என்று லேப்டாப்பைத் துடைத்து, சந்தனத்தைக் குழைத்து, திரையின் கீழ் விளிம்பில் மூன்று பொட்டு வைத்திருப்பார் தாத்தா. பேனலின் சர்க்யூட் பட்டை பெரும்பாலும் அந்தக் கீழ் விளிம்புக்குள்தான் ஓடுகிறது. நல்ல சந்தனம் நீர்க்கவே இருக்கும். விஜயதசமி அன்று புதிதாக எதையாவது தொடங்க வேண்டும் என்பார்களே, திரை தன் பங்குக்குக் கோடு போடத் தொடங்கிவிடும்.

இன்னொரு வீட்டில் படம் தலைகீழாக நின்றுவிட்டது. பேரன் விசைப்பலகையில் தபேலா வாசித்ததில் கன்ட்ரோல், ஆல்ட், கீழ் அம்பு மூன்றும் ஒன்றாக அழுந்திவிட்டன. இன்டெல் கிராபிக்ஸ் கொண்ட பழைய லேப்டாப் பலவற்றில் அது படத்தைக் கவிழ்க்கும் குறுக்குவழி. மேல் அம்பை அழுத்தினால் நிமிர்ந்துவிடும். தாத்தா அப்படிச் செய்யவில்லை. லேப்டாப்பையே விரியத் திறந்து, தலைகீழாக மேஜை மேல் வைத்துச் சுவரில் சாய்த்தார். இப்போது படம் நேராகத் தெரிந்தது. விசைப்பலகை மட்டும் தலைகீழாகத் திரைக்கு மேலே போய்விட்டது. அதைத் தட்டுவதற்குப் பேத்தியைப் பக்கத்தில் நிற்க வைத்தார். தாத்தா எழுத்து எழுத்தாகச் சொல்ல, பேத்தி தட்ட, மின்கட்டணம் கட்டி முடித்தார்கள். பையன் வந்து ஒரு நொடியில் நிமிர்த்தியதில் தாத்தாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். "நாங்க பழகிட்டோமேப்பா" என்றார்.

விசாரணைக்குப் பிறகு சோதனை. இந்த இடத்தில் பையனை மெச்சத்தான் வேண்டும். கடைக்காரர் பலர் பார்த்த மாத்திரத்தில் விலை சொல்லுவார்கள். பையனிடம் முறை இருக்கிறது.

முதலில் அறையை இருட்டாக்கச் சொல்லுவார். "லைட்டை அணைங்க, ஆன்ட்டி." கறுத்த திரை மேல் போன் டார்ச்சைச் சாய்த்து அடிப்பார். உற்றுப் பார்த்தால் உள்ளே நிழலாக டெஸ்க்டாப் தெரிகிறதா? தெரிந்தால் பேனல் படத்தைக் காட்டிக்கொண்டுதான் இருக்கிறது, பின்னால் எரியவேண்டிய விளக்குக்குத்தான் மின்சாரம் போகவில்லை. எல்.சி.டி. தானாக ஒளிர்வதில்லை, அதற்குப் பின்னால் விளக்கு வேண்டும். முன்பு மெல்லிய டியூப் லைட் இருந்தது, இப்போது எல்.இ.டி. வரிசை. பையன் இதை விளக்கிக்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டு மாமி இருட்டில் எட்டிப் பார்த்து, "என்ன, மை போட்டுப் பார்க்கறேளா?" என்பார்.

அடுத்தது மூடி. மெதுவாக முன்னும் பின்னும் அசைப்பார். ஒரு கோணத்தில் படம் வந்து இன்னொரு கோணத்தில் போனால், கீல் வழியாக ஏறும் டிஸ்ப்ளே கேபிள் நைந்திருக்கிறது. "இப்படியே பிடிச்சுக்கிட்டா தெரியுது" என்று வீட்டுக்காரர் உற்சாகமாவார். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் அந்த லேப்டாப் திறந்தே இருக்கும். மூடாதே என்று ஒரு தாள் ஒட்டியிருக்கும்.

மூன்றாவது, எச்.டி.எம்.ஐ. கேபிளை மாட்டி லேப்டாப்பை டி.வி.யோடு இணைப்பது. டி.வி.யில் படம் சுத்தமாக வந்தால் மதர்போர்டும் கிராபிக்ஸும் நன்றாக இருக்கின்றன, கோளாறு பேனலிலோ கேபிளிலோதான். டி.வி.யிலும் அதே கோடுகள் வந்தால் சமாசாரம் பெரியது. தொழில்நுட்பமாக இது அருமையான சோதனை. குடும்பமாக அப்படிச் சொல்ல முடியாது. மகனுடைய டெஸ்க்டாப் நாற்பத்து மூன்று அங்குலத்தில் கூடத்து நடுவே விரியும். 'ராஜினாமா கடிதம் - பைனல் 2' என்ற கோப்பை அப்பா கண்ணாடி போடாமலே படித்துவிடுவார். எத்தனையோ வீடுகளில் திரைக் கோளாறு அதோடு மறந்துபோய், வேறு விசாரணை தொடங்கியிருக்கிறது. அப்போது பையன் கேபிளைச் சுருட்டுவதில் மிகுந்த கவனம் காட்டுவார்.

டெல் லேப்டாப்பாக இருந்தால் அவருக்குக் கொண்டாட்டம். டி விசையை அழுத்திக்கொண்டே பவர் பட்டனைத் தட்டினால், விண்டோஸ் எதுவும் ஏறாமலே திரை வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று மாறி மாறித் தன்னைத்தானே சோதித்துக் காட்டும். எல்லா நிறத்திலும் அதே கோடு நின்றால் பேனல்தான் குற்றவாளி. ஆனால் நிறம் மாறத் தொடங்கியதுமே ஆன்ட்டி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்துவிடுவார்: "ஏங்க, வந்துடுச்சு! கலரெல்லாம் வருது!"

மென்பொருள் மேல் சந்தேகம் என்றால் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிப்ட், பி என்று நான்கு விசைகளை ஒன்றாக அழுத்துவார். கிராபிக்ஸ் டிரைவர் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள, ஒரு பீப் ஒலியோடு திரை சிமிட்டும். பாதி நேரம் இதிலேயே சரியாகிவிடும். சரியாவது பையனுக்குப் பிடிக்காது. இவ்வளவு சீக்கிரம் முடிந்தால் வீட்டாருக்கு அவர் மேல் மதிப்பு வராது. அதனால் முடிந்த பிறகும் சும்மா இரண்டு மூன்று ஜன்னல்களைத் திறந்து மூடி, "ம்ம்" என்பார்.

ஒருமுறை ஒரு பாட்டி கேட்டார்: "அதுக்குள்ள என்னப்பா இருக்கு?" பையன் யோசிக்காமல், "லிக்விட் பாட்டி, லிக்விட் கிரிஸ்டல்" என்றார். பாட்டி எழுந்து போய்ப் பழைய துண்டு ஒன்றைக் கொண்டுவந்து லேப்டாப்புக்கு அடியில் விரித்தார். ஒழுகினால் மேஜை வீணாகிவிடுமாம்.

பாட்டியைச் சொல்லிக் குற்றமில்லை. அந்தத் திரவத்தின் கதையே சமையலறைப் பக்கம்தான் தொடங்குகிறது. 1888-ல் பிராகா நகரில் பிரீட்ரிக் ரெய்னிட்சர் என்ற தாவரவியலாளர், காரட்டிலிருந்து எடுத்த கொலஸ்டிராலை ஆராயும்போது அதிலிருந்து உண்டாக்கிய ஒரு பொருள் இரண்டு முறை உருகுவதைக் கண்டார். 145.5 டிகிரியில் கலங்கலாக உருகியது, 178.5 டிகிரியில் தெளிந்தது. திரவப் படிகம் வந்தது அப்படித்தான். நம் பக்கத்துப் பங்கும் உண்டு. பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனத்தில் எஸ். சந்திரசேகர் குழுவினர், வட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகமாகும் என்று 1977-ல் காட்டினார்கள். (இவர் சி.வி. ராமனின் சகோதரி மகன். நோபல் பரிசு வாங்கிய சந்திரசேகர் ராமனின் அண்ணன் மகன். அந்தக் குடும்பத்தில் பையன்களுக்குப் பஞ்சமில்லை.) எல்.சி.டி. திரையைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் படம் ஓரளவு ஒழுங்காகத் தெரிவதற்கென்று பின்னாளில் வந்த ஒரு வகைப் படலம் இந்த வட்டு மூலக்கூறுகளால் ஆனது. ரயிலில் பக்கத்து இருக்கைக்காரர் நம் லேப்டாப்பில் படம் பார்ப்பதற்கு அறிவியலின் உதவியும் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

பையனின் கதைக்கு வருவோம். திறந்துதான் பார்க்க வேண்டும் என்று முடிவானால் சாப்பாட்டு மேஜை காலியாகும். மின்விசிறி நிற்கும். திருகுகளைப் போட எவர்சில்வர் டபரா வரும். திரையைச் சுற்றியுள்ள சட்டத்தைக் காலாவதியான ஏ.டி.எம். கார்டால் நெம்புவார். 'டக்' என்று ஒவ்வொரு கிளிப்பாக விடுபடும்போதும் வீட்டுக்காரர் 'ஸ்ஸ்' என்பார். திரையே வராமல் பீப் சத்தம் மட்டும் வருகிற கேஸ் என்றால் பள்ளிக்கூட ரப்பர் ஒன்று கேட்பார். ரேமைக் கழற்றி அதன் பொன்னிற முனைகளை ரப்பரால் தேய்த்துத் துடைத்துத் திரும்ப மாட்டுவார். பல லட்ச ரூபாய்ப் படிப்புப் படித்தவர்கள் கைவிட்ட லேப்டாப்புகள் மூன்று ரூபாய் ரப்பரில் எழுந்திருக்கின்றன.

மூடும்போது ஒரு திருகு மிஞ்சும். மிஞ்சியே தீரும். "இது எக்ஸ்ட்ரா கொடுத்திருக்கான்" என்று சொல்லிப் பையன் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். அவர் வீட்டில் ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்று நிறைய இப்படிப்பட்ட எக்ஸ்ட்ராக்கள் இருக்கின்றன.

அவருடைய புகழின் உச்சி நங்கநல்லூர் கேஸ். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் வீடு. அவர் உட்கார்ந்தால் திரை அணைந்துவிடும். அவர் மனைவி உட்கார்ந்தால் நன்றாக வேலை செய்யும். மகன் உட்கார்ந்தாலும் வேலை செய்யும். அதிகாரி திரும்ப உட்கார்ந்து நாலு வரி அடிப்பதற்குள் இருட்டு. "எனக்கும் அதுக்கும் ஆகலை" என்று அவர் தீர்மானித்துவிட்டார். மனைவி சனிப்பெயர்ச்சியைச் சொன்னார். பையன் டிரைவரை மாற்றினார், விண்டோஸைத் திரும்ப ஏற்றினார், கேபிளைப் புதிதாக மாட்டினார். அவர் சோதிக்கும்போதெல்லாம் திரை சமர்த்தாக எரிந்தது. அதிகாரி உட்கார்ந்தால் அணைந்தது. பையனுக்கே சனிப்பெயர்ச்சியில் நம்பிக்கை வரத் தொடங்கியது.

கடைசியில், அவர் தட்டச்சு செய்வதைப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். இடது மணிக்கட்டு லேப்டாப்பின் ஓரத்தில் படியும்போதெல்லாம் திரை போனது. மணிக்கட்டில் ஒரு காப்பு. ரத்த அழுத்தத்துக்கு நல்லது என்று பொருட்காட்சியில் வாங்கிய காந்தக் காப்பு.

மூடியைச் சாத்தினால் லேப்டாப் எப்படி உறங்கப் போகிறது? பெரும்பாலானவற்றில் மூடியின் விளிம்பில் ஒரு சின்னக் காந்தம், அதற்கு நேர் கீழே காந்தத்தை உணரும் ஒரு ஹால் சென்சார். காந்தம் பக்கத்தில் வந்தால் மூடி சாத்தப்பட்டுவிட்டது என்று லேப்டாப் நினைத்துத் திரையை அணைத்துவிடும். அதிகாரியின் காப்பை மூடி என்று நம்பி, அவர் கை வைக்கும்போதெல்லாம் பாவம் அது தூங்கப் போயிருக்கிறது. காந்தப் பொத்தான் வைத்த போன் உறையை அங்கே வைத்தாலும் இதே கதைதான்.

பையன் காப்பைக் கழற்றச் சொன்னார். திரை எரிந்தது, அணையவில்லை. வீடே வாயடைத்து நின்றது. அதிகாரி கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அப்ப என் பிரஷருக்கு யாருப்பா கேரண்டி?"

காப்பு வலது கைக்கு மாறியது. அந்த லேப்டாப்பில் சென்சார் இடப்பக்கம் மட்டுமே இருந்ததால் எல்லாரும் தப்பித்தார்கள்.

எல்லா வீடும் நங்கநல்லூர் அல்ல. சில இடங்களில் பையன் மூடியைத் திறந்து திரையைப் பார்த்ததும் பேச்சைக் குறைத்துக்கொள்வார். ஓரத்திலிருந்து மை பரவிய கறை, நடுவே விரிசல். டபராவை நகர்த்திவிட்டு எழுந்து, ஐ.சி.யு. வாசலுக்கு வந்து நிற்கும் டாக்டரின் குரலில் சொல்லுவார்: "பேனல் போயிடுச்சு, சார்."

"எவ்வளவு ஆகும்?"

சொல்லுவார். அந்தக் கேள்விக்கு எந்தத் தொகையைச் சொன்னாலும் பதில் ஒன்றுதான்: "அந்தக் காசுக்குப் புதுசே வாங்கிடலாமேப்பா." வாங்கமாட்டார்கள். அதுவும் பையனுக்குத் தெரியும். அதனால் பேனலின் முதுகில் ஒட்டியிருக்கும் எண்ணைப் போட்டோ எடுத்துக்கொள்வார். பி156, எல்.பி.156 என்று தொடங்கும் அந்த எண்ணில் 156 என்பது 15.6 அங்குலம். இணைப்பு முப்பது ஊசியா நாற்பது ஊசியா என்பதையும் பார்த்துக்கொள்வார். எண் ஒத்துப்போய் ஊசி மாறிப்போனால் ரிச்சி தெருவுக்கு இன்னொரு நடை. மவுண்ட் ரோட்டைத் தாண்டி அந்தச் சந்துக்குள் நுழைந்ததும் பையனின் நடையே மாறிவிடும். அங்கே கடைக்காரர்கள் அவரைப் பார்த்து, "வாங்கண்ணே, எத்தனை பின்?" என்பார்கள். அவர் வாழ்க்கையில் அண்ணனாக இருக்கிற இடம் அது ஒன்றுதான்.

புதுப் பேனல் மாட்டியாகிவிட்டது. முழு எச்.டி. திரையில் 20,73,600 புள்ளிகள். வீட்டுக்காரர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்பார். "தம்பி, இந்த மூலையில ஒரு புள்ளி எரியலையே." எச்சில் தொட்டுத் தேய்த்தும் பார்ப்பார். அவர் வீட்டுக் கூடத்துச் சுவரில் நாலு அடிக்குக் காரை பெயர்ந்து கிடக்கிறது. அது அவர் கண்ணை உறுத்தியதே இல்லை.

அப்புறம் கூலி. பேனல் காசு கணக்காக வரும், சில்லறை உட்பட. வேலைக்கான காசு என்று ஒரு பேச்சு எழும்போது, "உனக்கு என்னப்பா தரணும்?" என்று கேட்பார்கள். கேட்கிற தொனியிலேயே ஒன்றும் வேண்டாம் என்ற பதில் அடங்கியிருக்கும். "பரவாயில்லை, ஆன்ட்டி" என்பார் பையன். உடனே தட்டில் மிக்சர் வரும். ஒரு வீட்டில் நெல்லிக்காய் ஊறுகாய் ஒரு பாட்டில் கொடுத்தார்கள். இன்னொரு வீட்டில் பையனுக்குக் கல்யாணமாகிவிட்டது என்பதை மறந்து ஒரு ஜாதகமே கொடுத்தார்கள். அவர் மனைவி அந்த ஜாதகத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறார்.

இலவசமாகச் செய்த வேலைக்கு ஆயுட்கால வாரண்டி உண்டு என்பது பையன் லேட்டாகக் கற்றுக்கொண்ட பாடம். திரை பார்த்த வீட்டில் ஆறு மாதம் கழித்து வைஃபை போனாலும், பிரிண்டர் காகிதத்தை மென்றாலும், இரவு பத்தரை மணிக்குப் போன் வரும். "நீ கை வெச்சதுலேர்ந்துதான் இப்படி." ஒரு ஆன்ட்டி மிக்சிக்கும் இதைச் சொன்னார். பையன் போய் அதையும் பார்த்தார் என்பதுதான் விஷயம்.

இதைப் படிக்கிறவர்களில் பலருடைய போனில் அப்படியொரு எண் இருக்கும். அழைப்பதற்கு முன் தயவுசெய்து சிலவற்றைப் பார்த்துவிடுங்கள். வெளிச்சத்தைக் கூட்டும் விசையைத் தட்டிப் பாருங்கள், கறுத்த திரைகளில் சில வெறுமனே வெளிச்சம் குறைந்தவை. சார்ஜரைக் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு மறுபடி ஆன் செய்யுங்கள். கையில் காப்பு இருந்தால் கழற்றுங்கள். அப்படியும் வரவில்லையென்றால் அழையுங்கள், என்ன செய்தீர்கள் என்று முதல் காபியிலேயே சொல்லிவிடுங்கள், வேலைக்கான காசை உறையில் போட்டு அவர் பையில் திணியுங்கள். பரவாயில்லை என்பார், விடாதீர்கள். முக்கியமாக ஞாயிற்றுக்கிழமை அழைக்காதீர்கள். அன்று ரிச்சி தெருவில் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.